மலைச்சாலையின் சரிவும் மாதவரின் தொடரும்

போடியிலிருந்து போடிமெட்டு ஏறி இடுக்கிக்குள் நுழையும் மலைச்சாலையில் ஓரிடத்தில், கிடைமட்டமாக 20 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். சரிவின் கோணம் எத்தனை பாகை?

கோணம் தெரிந்தால் ஏற்றத்துக்கும் கிடைத்தூரத்துக்கும் உள்ள விகிதத்தை ‘டேன்’ தரும். இங்கே விகிதம் கையில் இருக்கிறது, 0.05. கோணம்தான் வேண்டும். இந்தத் திரும்பு பாதைதான் பிளஸ் டூ மாணவர்கள் படிக்கும் நேர்மாறு முக்கோணவியல் சார்பு.

திரும்பும் வழியில் ஒரு சிக்கல் உண்டு. சைன் 30 பாகையும் சைன் 150 பாகையும் ஒன்றே, அரை. அப்படியானால் அரைக்கு உரிய கோணம் எது? ஒரே விடை வர வேண்டும் என்பதற்காகவே −90 முதல் 90 பாகைக்குள் நின்றுகொள்கிறோம். பாடநூல் ‘முதன்மை மதிப்பு’ என்பது இதைத்தான். காரணம் புரிந்துவிட்டால் முதன்மை மதிப்பு எல்லைகளின் அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

சரி, கால்குலேட்டர் இல்லாமல் கோணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? பாலக்காட்டுக்கு அடுத்த திருச்சூர் மாவட்டத்து இரிஞ்ஞாலக்குடாவைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சங்கமகிராம மாதவர் (சுமார் 1340–1425) வழி சொன்னார். விகிதத்தை எழுதுங்கள். அதன் மும்மடியை 3 ஆல் வகுத்துக் கழியுங்கள். ஐந்தாம் அடுக்கை 5 ஆல் வகுத்துக் கூட்டுங்கள். ஏழாம் அடுக்கை 7 ஆல் வகுத்துக் கழியுங்கள். இப்படியே தொடர்ந்தால் கோணம் ரேடியனில் வந்து நிற்கும்.

நம் சாலைக்குப் போட்டுப் பார்ப்போம். 0.05இன் மும்மடி 0.000125, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 0.0499583. ஐந்தாம் அடுக்கு பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு சிறியது. ரேடியனைப் பாகையாக்க 57.2958 ஆல் பெருக்கினால் 2.86 பாகை. இரண்டே உறுப்புகள் போதுமானவை.

விகிதம் 1ஐத் தாண்டினால் உறுப்புகள் சுருங்காமல் பெருகிவிடும். அப்போது சைன், கொசைன் (இங்கே ஏற்றம், கிடைத்தூரம்) இரண்டில் சிறியதை மேலே வைத்துக் கணக்கிட்டு, வரும் கோணத்தை 90 பாகையிலிருந்து கழிக்க வேண்டும். இந்த எச்சரிக்கையையும் தொடரின் நிரூபணத்தையும் சுமார் 1530இல் ஜ்யேஷ்டதேவர் ‘யுக்திபாஷா’வில் மலையாளத்திலேயே எழுதிவைத்தார். 30 பாகைக்குரிய விகிதமான 1/√3ஐ இதே தொடரில் இட்டால் பையில் ஆறில் ஒரு பங்கு வரும்; அதை 6 ஆல் பெருக்கினால், ஆறே உறுப்புகளில் பை 3.1413 ஆகிறது. மாதவர் பையை 11 தசம இடங்கள் வரை சரியாகச் சொன்னார்.

ஐரோப்பாவில் ஜேம்ஸ் கிரிகோரி இதே தொடரை எட்டியது 1671இல். மலபாரில் பணியாற்றிய சார்லஸ் விஷின் கட்டுரை 1834இல் வெளிவந்து மாதவர் மரபை ஐரோப்பியருக்கு எடுத்துச் சொன்னது.

பாலக்காட்டுச் சித்தூரிலும் இடுக்கியின் தேவிகுளத்திலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைச் சூத்திரப் பட்டியலாக மட்டும் கொடுப்பது அநியாயம். பக்கத்து மாவட்டத்தில் பிறந்த கணக்கு இது. நான்கு உறுப்புகளைத் தாங்களே எழுதிக் கூட்டிப் பார்க்க ஒரு வகுப்பு நேரம் ஒதுக்குங்கள்.