வாளுக்கு எதிரே கம்பு

சிலம்பம் என்பது தனியொருவர் கம்பைச் சுழற்றிக் காட்டும் கலை மட்டுமன்று. வாள் ஏந்தி எதிரில் நிற்பவரைக் கம்பொன்றை மட்டுமே கொண்டு எதிர்கொள்ளும் போர்முறையும் அதனுள் அடங்கும். அயோத்தியாப்பட்டணம் முதலான சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களில் மாரியம்மன் பண்டிகையின்போது சாமி ஊர்வலத்தின் முன்னே கம்பு சுற்றுவோரைப் பார்க்கும் மக்கள் பெரும்பாலும் முதல் வகையையே காண்கின்றனர். சிலம்ப மரபு அதனை அலங்காரச் சிலம்பம் என்றும், எதிராளியோடு பொருதுவதைப் போர்ச் சிலம்பம் என்றும் பிரித்து வழங்குகிறது. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலை தம் படையினருக்குச் சிலம்பம் பயிற்றினார் என்று கொங்கு நாட்டில் வழங்கும் செய்தி, இந்தப் போர்ச் சிலம்பத்தையே குறிப்பதாகக் கொள்ளவேண்டும்.

நிற்பவரின் நெற்றியை எட்டும் அளவில், ஏறத்தாழ ஐந்தரை அடி நீளத்தில் அமையும் கம்பு, நீளத்தால் வாளை எளிதில் வென்றுவிடும் என்று தோன்றினாலும், வாள்காரர் ஓரடி உள்ளே புகுந்துவிட்டால் அந்நீளமே சுமையாகிவிடும். ஆகவே கை வேகத்துக்கு முன்பாகக் காலடி கற்பிக்கப்படுகிறது. வெட்டு வரும் வழியில் கம்பைக் குறுக்கே நீட்டித் தடுப்பது புதியவர் செய்யும் பிழை. மூங்கில் பிளந்துவிடும், பிளக்காவிட்டாலும் வாளின் கூர் கம்பின் மேலேயே வழுக்கி வந்து விரலைச் சிதைத்துவிடும். தேர்ந்தவர், தலையை நோக்கி வாள் இறங்கும் கணத்தில் சாய்வாக ஓரடி விலகி, கூர்விளிம்பை விடுத்து வாளின் தட்டையான பக்கத்தையோ அதைப் பிடித்திருக்கும் மணிக்கட்டையோ அடிக்கிறார். வாள் திரும்பி விலாவுக்கு வருமுன் கம்பின் பின்முனை சுழன்று முன்முனையாகிவிடுகிறது. வாளுக்குக் கூர் எங்கே என்பது எதிராளிக்கு முன்பே தெரியும். கம்பிலோ எந்த முனை அடிக்கும், எது குத்தும் என்பது கடைசிவரை வெளிப்படுவதில்லை.

இதே சிக்கலை ஜப்பானியர் வேறு வகையில் தீர்த்திருக்கின்றனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த முசோ கொன்னோசுகே, புகழ்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியிடம் தோற்றபின் ஹோமன் மலையில் தவமிருந்து வகுத்ததாக மரபு கூறும் 'ஜோ' என்னும் கோல்முறையில், கோலின் நீளம் 128 சென்டிமீட்டர் மட்டுமே. சிலம்பக் கம்பைவிட ஏறக்குறைய ஓரடிக்கும் மேல் குறைவு. இக்குறுக்கம் திட்டமிட்டதாகவே தோன்றுகிறது. வாள்காரர் நெருங்கி வந்தாலும் கோலை இரு கைக்கும் இடையில் மாற்றிப் பிடித்து உடனே குத்த அது இடம் தருகிறது. ஃபுக்குவோக்காவின் குரோதா குலப் படையினரிடையே பேணப்பட்ட இம்முறையை, 20ஆம் நூற்றாண்டில் ஷிமிசு தாகாஜி டோக்கியோ காவல்துறைக்குக் கற்பித்தார். 1968இல் அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு அதிலிருந்து 12 பயிற்சிக் கோவைகளைப் பொதுப் பாடமாக ஏற்படுத்தியது. ஒவ்வொரு கோவையிலும் இருவர் வேண்டும்: ஒருவர் மரவாளோடும் மற்றவர் கோலோடும் நிற்பர். வாளைப் பிடிப்பவர் பொதுவாக மூத்தவர் என்பது இதில் மிகவும் கவனிக்கத்தக்கது. கோலைக் கற்பவரின் திறனுக்கு ஏற்ப வெட்டின் வேகத்தையும் நெருக்கத்தையும் கூட்டிக் குறைத்து, மெய்யான அச்சத்தை ஊட்டி, ஆயினும் காயமின்றி வளர்த்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. கற்பவர் வெல்வதாகவே கோவை முடியும் என்றாலும், அந்த வெற்றியை வழங்குபவர் வாள் பிடித்தவரே.

தமிழகத்தில் சிலம்பம் இன்று நல்ல நிலையை அடைந்துள்ளது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் அதற்கு இடமுண்டு. ஆனால் போட்டிகளில் ஒற்றைக் கம்பு வீச்சும் இரட்டைக் கம்பு வீச்சும் வாள்வீச்சும் தனித்தனிப் பிரிவுகளாகவே நிற்கின்றன. தொடுமுறைச் சண்டையில் கம்பு மோதுவதும் கம்போடுதான். வாளும் கம்பும் ஒரே பயிற்சிக்கூடத்தில் இருந்தும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவது பெரும் இழப்பு; ஏனெனில் கம்போடு கம்பு பொருதும்போது இருவரின் எட்டும் தொலைவும் ஒன்றாகிவிடுவதால், இடைவெளியை அளக்கும் கண் கூர்மை பெறுவதில்லை. இக்குறையைப் போக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. மூன்றடி மரக்கட்டையொன்றை வாளாகக் கொண்டு வாத்தியாரே முன்னே நின்று, மெதுவாக வெட்டி, மாணவரின் காலடி எங்கே விலகுகிறது, கம்பின் எந்த முனை முதலில் எழுகிறது என்று பார்த்துத் திருத்துவதற்கு ஊர்க்களத்தில் பத்தடி இடம் இருந்தால் போதும்.