முகவரை நீக்குதல் எப்போது நிறைவுறும்?

வழக்கறிஞரை நாம் 'வக்கீல்' என்கிறோம். அச்சொல் அரபு மொழியிலிருந்து வந்தது. பிறர் பொருட்டுச் செயல்படப் பொறுப்பேற்றவர் என்பது அதன் பொருள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும் 'வக்காலத்து' என்பதும் அவ்வேரில் கிளைத்ததே. இஸ்லாமியச் சட்டநூலார் 'வகாலா' எனத் தனித் தலைப்பிட்டு ஆராயும் இப்பொருள், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பத்தாம் அத்தியாயமாக அமைந்துள்ளது. குகைத் தோழர்கள் தம்முள் ஒருவரை வெள்ளிக்காசுடன் உணவு வாங்க நகருக்கு அனுப்பிய செய்தியை (திருக்குர்ஆன் 18:19) முகவர் நியமனத்திற்குச் சான்றாக மார்க்க அறிஞர்கள் காட்டுவர்.

நியமித்தல் எளிது. வாய்மொழியே போதும், நடத்தையிலிருந்தும் அதிகாரம் ஊகிக்கப்படும். இடர் முழுவதும் நீக்குவதில்தான் இருக்கிறது.

திருவண்ணாமலை தேரடித் தெருவில் மொத்த மளிகை வணிகர் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். செங்கம், போளூர், தண்டராம்பட்டுக் கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்புகிறார். வசூலிப்பவர் அவருடைய மேலாளர். மனவேறுபாடு நேர்ந்து ஒருநாள் மாலை மேலாளரை விலக்கிவிடுகிறார். மறுநாள் காலை அம்மேலாளர் பழைய ரசீதுப் புத்தகத்துடன் போளூர் சென்று, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறார். போளூர்க்காரர் கடனைத் தீர்த்தவர் ஆவாரா?

ஆவார். ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவுப்படி, நீக்கம் முகவரைப் பொறுத்தவரை அவர் அறிந்த பின்னரும், பிறரைப் பொறுத்தவரை அவர்கள் அறிந்த பின்னருமே செயலுக்கு வரும். அப்பிரிவு தரும் எடுத்துக்காட்டு நம் சென்னையைப் பற்றியதே. சென்னையிலுள்ள ஒருவர் பம்பாய்க் கிடங்கிலுள்ள தம் பஞ்சை விற்குமாறு முகவருக்குக் கடிதம் எழுதுகிறார்; பின்னர் மறு கடிதத்தால் அதனைத் தடுக்கிறார். மறு கடிதத்தைப் பெற்ற பின்னும் முகவர், முதற் கடிதத்தை மட்டும் அறிந்த ஒருவருக்கு விற்று, பணத்துடன் ஓடிவிடுகிறார். வாங்கியவர் கொடுத்த பணம் செல்லும், இழப்பு சென்னைக்காரருக்கே.

ஈண்டு ஃபிக்ஹு நூல்களையும் ஒப்பிட்டு நோக்கலாம். முகவருக்குச் செய்தி எட்டும் வரை அவர் செயல் செல்லும் என்பது ஹனஃபி மத்ஹபின் கொள்கை. எட்டாவிடினும் நீக்கம் உடனே நிகழும் என்பதே ஷாஃபி மத்ஹபில் வலுவான கருத்து. உரிமையாளரின் உரிமையைப் பின்னது காக்கிறது. கடைத்தெருவின் நம்பிக்கையை முன்னது காக்கிறது. வணிகத்திற்கு முன்னதே பொருந்தும் என நாம் கருதுகிறோம்.

கூட்டு வணிகத்தில் இன்னும் கவனம் வேண்டும். பங்காளி ஒவ்வொருவரும் நிறுவனத்தின் முகவரே. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, விலகிய பங்காளி பொது அறிவிப்புத் தரும் வரை, அவரைப் பங்காளி என அறிந்திருந்த பிறருக்குப் பொறுப்பாளியாகவே நிற்கிறார். பதிவு பெற்ற நிறுவனமாயின் நிறுவனப் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழ், மாவட்டத்தில் உலவும் தாய்மொழி நாளிதழ் ஒன்று ஆகிய மூன்றும் வேண்டும். அண்ணன் தம்பியர் வீட்டுக் கூடத்தில் பாகம் பிரித்துக்கொண்டு, ஊரறிந்த செய்திதானே என்று இதனை விட்டுவிடுவது நாம் அடிக்கடி காணும் பிழை.

அமெரிக்க மாநிலங்களில் ஒவ்வொரு நிறுமமும் நீதிமன்ற அறிவிப்பைப் பெற்றுக்கொள்ளப் பதிவு முகவர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவரை மாற்றினால் மாநில அலுவலகத்தில் பதிந்தாக வேண்டும். நம் நாட்டில் அயல்நாட்டு நிறுமங்களுக்கு மட்டும் 2013ஆம் ஆண்டின் நிறுமங்கள் சட்டம் (பிரிவு 380) இத்தகையவரைக் கேட்கிறது. உள்நாட்டு நிறுமத்திற்குப் பதிவு அலுவலகமே அவ்விடத்தில் நிற்கிறது. கூட்டு நிறுவனத்திற்கோ, தலைமைக் கடையை நிருவகிப்பவரிடம் அழைப்பாணை தந்தாலும் போதும் என நீதிமன்றம் கட்டளையிடலாம். அந்த நிருவாகி அதனை மேசையறையில் போட்டு மறந்தால் ஒருதலைத் தீர்ப்பு வரும். அதனை நீக்கக்கோரும் கெடு தீர்ப்பு நாளிலிருந்து 30 நாட்களே; அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படாதிருந்தால் மட்டும் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து கணக்கிடப்படும்.

ஆகவே மேலாளரை விலக்குகிறவர் அன்றே ரசீதுப் புத்தகத்தையும் முத்திரையையும் திரும்பப் பெற்று, வங்கிக்கும் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் பெற்றமைக்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் எழுத்து வடிவில் அறிவிப்பு விடுத்து, அவ்வொப்புகைகளைக் கணக்கேட்டுடன் சேர்த்து வைத்தல் வேண்டும்.