நீ செய்ததைச் சொல்லு, தம்பி

டீயை எடுத்துக்கொள் தம்பி. நேற்றிலிருந்து இன்டர்வியூவுக்கு உருப்போடுகிறாயே, அந்தக் கேள்வி பதில் தாளைக் கொஞ்ச நேரம் மடித்து வை. சேதராப்பட்டோ திருபுவனையோ, எந்தக் கம்பெனியானாலும் எதிரே உட்காரும் சூப்பர்வைசர் அந்தப் பதில்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர். ‘நான் கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவேன்’ என்று நீ சொன்னால், உன்னைப் பற்றி அவருக்கு எதுவுமே தெரிய வராது. உன் கை என்ன வேலை பார்த்திருக்கிறது, சிக்கல் வந்தால் எப்படி யோசிப்பாய் என்பதுதான் அவருக்கு வேண்டும்.

சுத்துக்கேணியில் இருந்துகொண்டு அனுபவத்துக்கு எங்கே போவது என்கிறாய். உங்கள் கொல்லை மோட்டார் ஒருநாள் ஓடாமல் உம்மென்று முனகியதே, அப்போது என்ன செய்தாய்? உடனே அணைத்தாய். டெஸ்ட் லேம்ப் வைத்து மூன்று லைனையும் பார்த்தாய். ஒன்றில் கரன்ட் இல்லை. மெயினை இறக்கிவிட்டு ஃபியூஸை மாற்றினாய். இதை இதே வரிசையில் சொல். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியனுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சொன்னதும் அவர் விடமாட்டார். ஒரு பேஸ் இல்லாமலே ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பார். மீதி இரண்டு லைனிலும் கரன்ட் ஏறும், வைண்டிங் சூடாகிக் கருகும், அதைக் காக்கத்தான் ஓவர்லோட் ரிலே. அடுத்து ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் எதற்கு என்று வருவார். ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 415 வோல்ட்டுக்குப் பதில் 240தான் கிடைக்கும். மோட்டார் கிளம்பும்போது லைனிலிருந்து இழுக்கும் கரன்ட், டெல்டாவில் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சுழற்றும் விசையும் அதே அளவு குறையும், அதனால் பெரிய பாரத்தோடு கிளம்பும் மோட்டாருக்கு இது ஒத்துவராது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார். கவனித்தாயா, கேள்வி அவருடையதுதான். பேச்சை மோட்டார் பக்கம் கொண்டுபோனது நீ.

உன் தங்கச்சிக்கும் இதேதான். குவாலிட்டி வேலைக்குப் போகிறவள், பால் சொசைட்டியில் தினமும் லாக்டோமீட்டரைப் பார்த்து வளர்ந்தவள். தண்ணீர் கலந்தால் அந்த அளவு ஏன் இறங்குகிறது, கொழுப்பையும் மற்ற சத்தையும் அளந்து எப்படி விலை போடுகிறார்கள் என்று அவளால் சொல்ல முடியும். அதைச் சொல்ல வெட்கப்படுகிறாளே என்பதுதான் என் வருத்தம்.

கணித மேதை ராமானுஜன் கதையில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தவறியவர். 1910இல் கணக்கு நோட்டுகளோடு, நமக்கு மேற்கே இருக்கிற திருக்கோவிலூருக்கு வந்து, டெப்டி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். நோட்டைப் பார்த்தவர், இந்தத் திறமையைத் தாலுகா ஆபீஸில் முடக்க மனமில்லாமல் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படியே கைமாறிப் போய், நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் சேர்ந்தார். ராவுக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. மறுபடி வரச் சொன்னார். ராமானுஜன் வந்தார். ராவுக்கு எவ்வளவு புரியும் என்று கணித்து, முதலில் எளிய விடைகளைக் காட்டினார். பிறகு படிப்படியாகக் கடினமானவற்றுக்கு ஏற்றினார். இதை ராவே எழுதியிருக்கிறார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, சாப்பாட்டுக்கு வழி இருந்தால் கணக்கைத் தொடர்வேன் என்றாராம். ராவ் கொஞ்ச காலம் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

கேட்பவருக்குப் புரிகிற இடத்தில் தொடங்கு. இன்று ராத்திரி அந்த மோட்டார் சங்கதியை உங்கள் அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லிப் பார். எங்கே அவருக்குக் குழப்பம் வருகிறதோ, அங்கே நீ ஒரு படியைத் தாண்டிவிட்டாய் என்று தெரியும். பயோடேட்டாவையும் வரிவரியாக எடு. அதில் நீ எழுதிய ஒவ்வொன்றும் சூப்பர்வைசருக்கு ஒரு கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பதையும் சொல். இங்கிலீஷ் தடுக்கினால், தமிழில் சொல்லட்டுமா சார் என்று கேள். ஐ.ஏ.எஸ். நேர்முகத் தேர்வுக்கு 275 மார்க். மெயின் எழுத்துத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறியவர்கள் அதையே தமிழில் பேசி முடிக்கலாம்.

கடைசியில் ‘ஏதாவது கேட்கணுமா’ என்பார். தலையாட்டிவிட்டு எழுந்து வந்துவிடாதே. கம்பெனியே நேரடியாக எடுக்கிறதா, கான்ட்ராக்டர் மூலமா, அப்ரென்டிஸா என்று கேள். 1961ஆம் வருஷத்து அப்ரென்டிஸ் சட்டப்படி அப்ரென்டிஸ் பயிற்சியாளர்தான், தொழிலாளி கிடையாது. அவருக்கு உதவித்தொகை உண்டு, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. தொழிலாளியாக எடுத்தால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, நைட் ஷிஃப்ட் முடிந்து வில்லியனூர் பக்கம் வர கம்பெனி பஸ் இருக்கிறதா என்றும் கேள். இதெல்லாம் மரியாதைக் குறைவு ஆகாது. சேர்வதற்கு டெபாசிட் கட்டு என்று யாராவது சொன்னால் மட்டும், பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வா.