குப்பைச் சாம்பல் சூளைக்குள் போனால்

சென்னை கொடுங்கையூரில் குப்பையை எரித்து 31 மெகாவாட் மின்சாரம் எடுக்க மாநகராட்சி திட்டம் போட்டது. 2025-இல் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலி அமைத்து அதை எதிர்த்தார்கள். எரியுலை என்றதும் நமக்குப் புகைதான் கண்ணில் படுகிறது, சாம்பல் படுவதில்லை. எரித்தபின் குப்பையின் கன அளவில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஆனால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு சாம்பலாகத் தங்கிவிடும். ஆயிரம் டன் எரித்தால் இருநூறு, இருநூற்றைம்பது டன். அதுவும் தினமும்.

அந்தச் சாம்பலைப் பீங்கான் பட்டறைகள் உள்ள விருத்தாசலத்துக்கு அனுப்பிவிடலாமே என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டியதில்லை. பக்கத்து நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பல் ஃபிளை ஆஷ் கல்லாக வீட்டுச் சுவர்களில் ஏறி வெகுநாளாகிறது. மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே சீனக் குயவர்கள் விறகுச் சாம்பலைக் கொண்டு பானைக்கு மெருகு ஏற்றினார்கள். சாம்பலில் உள்ள சுண்ணாம்பும் பொட்டாசியமும் களிமண்ணை எளிதில் உருக வைக்கும். பீங்கான் கலவையில் ஃபெல்ட்ஸ்பார் செய்வதும் இதே வேலைதான்: ஆயிரத்து இருநூறு டிகிரி வாக்கில் உருகிக் கண்ணாடியாகி மற்றத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கண்ணாடிக்குள் சிக்கிய ஈயமும் காட்மியமும் சுலபத்தில் வெளியே வராது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டறைக்குள் வந்தால் சிக்கல் முதல் நாளே தொடங்கும். அகல் விளக்கும் கொலு பொம்மையும் வார்க்கிறவர்கள் களிமண் கரைசலைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். குறைந்த தண்ணீரிலேயே அது ஓட வேண்டும் என்று சிறிது சோடியம் சிலிக்கேட் சேர்ப்பார்கள். குப்பைச் சாம்பலில் பிளாஸ்டிக்கும் சமையல் உப்பும் விட்டுச்சென்ற குளோரைடு நிறைய. அந்த உப்புகள் கரைந்தால் கரைசல் தயிராகத் திரிந்து, அச்சின் மூலைமுடுக்கில் இறங்க மறுக்கும். இரும்பு வேறு கலந்திருப்பதால் வெள்ளைப் பீங்கான் பழுப்பாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சூளையில். ஈயம் குளோரினோடு சேர்ந்தால் சூளைச் சூட்டில் ஆவியாகிவிடும். கண்ணாடிக்குள் சிறைப்பட வேண்டியது புகைபோக்கி வழியாக ஊருக்குள் இறங்கும். கொடுங்கையூரில் பயந்த அதே புகை!

ஜப்பானியர்கள் உலோகம் இப்படி ஆவியாவதையே உபாயமாக்கிக்கொண்டார்கள். டோக்கியோவின் தாமா பகுதி எரியுலைச் சாம்பலை 2006 முதல் சிமெண்டாக மாற்றும் ஆலையில் குளோரினையும் உலோகத்தையும் வேண்டுமென்றே ஆவியாக்கி, புகையிலிருந்து பிடித்து, உலோகத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அதற்கேற்ற வடிகட்டி அமைப்புக்கு ஆகும் செலவைச் சிறு பட்டறைகள் தாங்காது.

மேலே சொன்ன தொல்லையில் பெரும்பங்கு புகை வடிகட்டியில் சேரும் நுண்சாம்பலுடையது. தட்டியில் தங்கும் அடிச்சாம்பல் அவ்வளவு மோசமில்லை. சாம்பலில் அதிகமும் அதுதான். சிங்கப்பூர் தன் சாம்பலை 1999 முதல் செமக்காவு தீவுக் கடலோரத்தில் கொட்டி வருகிறது. 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்ற பயத்தில், சாம்பலை மணலாக்கிச் சாலைக்கு அடியில் போட்டுச் சோதிக்கிறது. அடிச்சாம்பலிலும் ஒரு குறும்பு உண்டு: அதில் கிடக்கும் அலுமினியத் துணுக்கு ஈர சிமெண்டில் ஹைட்ரஜனைக் கிளப்பி கான்கிரீட்டை விரிசலாக்கும். அதனால் உலோகத்தைப் பொறுக்கிவிட்டு, வாரக்கணக்கில் வெளியில் ஆறப்போடுகிறார்கள். காற்றிலுள்ள கரியமில வாயு அதன் காரத்தைக் குறைக்கும். ஈயம் கசிவதும் குறையும்.

அப்படிப் பக்குவப்பட்ட சாம்பல் வந்தால் விருத்தாசலம் அதைத் தரை ஓட்டிலும் செங்கல்லிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கலாம். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுப் பயிலகம் உள்ளூரிலேயே இருக்கிறது. ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். உணவுப் பாத்திரத்தில் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி 24 மணி நேரம் வைத்து, ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்று பார்ப்பது உலக வழக்கம். நம் மாங்காயோ ஜாடியில் மாதக்கணக்கில் ஊறுகிறது.

சாம்பலைக் கழுவி உப்பை நீக்குவது, கழுவிய நீரைச் சுத்திகரிப்பது, ஒவ்வொரு லோடையும் சோதிப்பது எல்லாம் எரியுலை வாசலிலேயே, எரிப்பவர் செலவிலேயே முடிய வேண்டும். கொடுங்கையூர் ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் பார்க்கும் பக்கம் அதுதான்.