இரவு ஜெபத்துக்கு முன் இரண்டு நிமிடம்

எங்கள் ஞாயிறு பாடசாலையில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். மனனவசனம் சொல்லக் கேட்டால் முதலில் கை தூக்குவது அவன்தான். சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு லொலி கொடுப்பது என் வழக்கம். சென்ற ஆண்டு இரண்டு ஞாயிறுகள் அவன் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் ஞாயிறு வந்தான், வசனமும் சொன்னான். லொலியை நீட்டினேன். வாங்கியதைத் திரும்ப என் கையிலேயே வைத்தான். "அம்மா வேண்டாம் எண்டு சொன்னவ, ரீச்சர். எனக்கு நாலு பல்லுக் கழட்டினது."

ஆராதனை முடிந்தபின் தாயோடு பேசினேன். பல வாரங்களாக இரவில் வலியால் அழுதிருக்கிறான். ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறான். கடைசியில் வைத்தியசாலையில் முழு மயக்க மருந்து கொடுத்து நான்கு கடைவாய்ப் பால்பற்களையும் எடுத்திருக்கிறார்கள். "விழுந்து முளைக்கிற பல்லுத்தானே எண்டு விட்டிட்டம்" என்று சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. அவருக்கு ஆறுதல் சொன்னேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் பையில் இருந்த லொலிப் பெட்டிதான் எனக்குக் கனத்தது.

அந்தக் குடும்பம் கவனமற்ற குடும்பம் அல்ல. நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டில் மட்டும் அல்ல

அவுஸ்திரேலியாவில் 2012 முதல் 2014 வரை நடந்த தேசியச் சிறுவர் வாய்நல ஆய்வில், ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேருக்குப் பால்பற்களில் சூத்தை ஏற்பட்டிருந்தது தெரியவந்தது. நூற்றுக்கு 27 பேருக்கு அந்தச் சூத்தை வைத்தியம் செய்யப்படாமலே இருந்தது. தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களுக்காகப் பிள்ளைகள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் பட்டியலில் பல் பிரச்சினை முன்வரிசையில் இருக்கிறது. ஐந்து முதல் ஒன்பது வயதினர்தான் இதில் அதிகம். எங்கள் வகுப்புப் பையன் தனி ஆள் அல்ல.

"விழுகிற பல்தானே?"

பால்பற்கள் இருபது. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் ஆடத் தொடங்குவதால், எல்லாப் பால்பற்களும் அப்போதே போய்விடும் என்று நினைக்கிறோம். கடைவாய்ப் பால்பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் அவற்றை இழக்கும் பிள்ளை, அதன்பின் ஐந்தாறு ஆண்டுகள் அவை இல்லாமலே மென்று உண்ண வேண்டும். பின்னால் வரும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் பால்பல்தான். அது முன்னதாகவே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பின்னாளில் கம்பி போடும் செலவு அங்கிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. ஏறக்குறைய ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிலையான பல். வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டியது. அதையும் பால்பல் என்று எண்ணி விட்டுவிடுகிறோம்.

சூத்தை எப்படி வருகிறது?

வாயில் வாழும் கிருமிகள் நாம் உண்ணும் சீனியை உண்டு அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்பூச்சிலிருந்து தாதுக்களைக் கரைக்கிறது. பின்னர் உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, தாதுக்களைத் திரும்பப் பல்லில் சேர்க்கிறது. இதற்கு ஏறக்குறைய அரைமணி நேரம் அல்லது சற்று அதிகம் தேவை. பால்பல்லின் மேற்பூச்சு நிலையான பல்லினதைவிட மெல்லியது. ஆகவே அதில் சூத்தை வேகமாக உள்ளே போகும்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். எவ்வளவு சீனி என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு துண்டு கேக் உண்ணும் பிள்ளையைவிட, காரில் ஒரு பிஸ்கட், வகுப்பில் ஒரு லொலி, ஆராதனைக்குப் பின் ஒரு ஜூஸ் பெட்டி, வீடு வந்து தேநீரில் தோய்த்த றஸ்க் என்று கொறித்துக்கொண்டே இருக்கும் பிள்ளையின் பல்லுக்குத்தான் ஆபத்து அதிகம். உமிழ்நீருக்குத் தன் வேலையை முடிக்க நேரமே கிடைப்பதில்லை.

நித்திரையில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைகிறது. அதனால் பால் போத்தலை வாயில் வைத்தபடியே தூங்கும் குழந்தையின் பற்கள் இரவு முழுவதும் காவலின்றி இருக்கின்றன. சீனி சேர்க்காத பாலிலும் இயற்கையான இனிப்பு உண்டு. படுக்கைக்கு முன் மைலோ குடிக்கும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. குடித்தபின் பல் துலக்காமல் படுத்தால் அந்த இனிப்பும் விடியும்வரை பல்லிலேயே இருக்கும்.

நாம் தவறவிட்ட வேளை

நம்மவர் பல்லைப் பேணத் தெரியாதவர்கள் அல்லர். ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கரித்தூளும் உப்பும் வைத்துப் பல் துலக்கிய தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். காலையில் பல் துலக்காமல் தேநீரைத் தொட அம்மம்மா விட்டதில்லை. ஆனால் இரவில்? காலைப் பழக்கம் நமக்குப் பரம்பரையாக வந்தது. இரவுப் பழக்கம் வரவில்லை. நித்திரையில்தான் பல்லுக்குக் காவல் குறைவு என்றால், இரண்டு வேளைகளில் கட்டாயம் தவறவிடக் கூடாதது இரவு வேளைதான்.

நம் குடும்பங்களில் இன்னும் தவறாமல் இருக்கும் ஓர் இரவுப் பழக்கம் உண்டு. எவ்வளவு களைத்திருந்தாலும், காரிலேயே தூங்கிவிட்ட பிள்ளையையும் எழுப்பி, ஜெபம் செய்யாமல் படுக்க விடுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஜெபத்தின் பொருள் முழுதும் விளங்குமா? விளங்காது. ஆனாலும் கை கூப்பக் கற்றுக்கொடுக்கிறோம். நாளுக்கு நாள் செய்வது பிள்ளையின் உள்ளே வேர் பிடிக்கும் என்று நமக்குத் தெரியும்.

பல் துலக்குவதையும் அந்தப் பழக்கத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பால் குடித்தாயிற்று, பல் துலக்கியாயிற்று, இனி ஜெபம், பிறகு படுக்கை. அதற்குப் பின் தண்ணீர் மட்டும். இந்த வரிசை ஒரு மாதம் நிலைத்தால், பிறகு பிள்ளையே உங்களுக்கு நினைவூட்டும்.

வயதுக்கு ஏற்ப

முதல் பல் முளைத்ததும் ஈரமான மென்துணியாலோ சிறிய பிரஷாலோ பற்பசை இல்லாமல் துடையுங்கள். முதல் பல் வந்தவுடன் அல்லது முதலாவது பிறந்தநாளுக்குள் பல் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். வலி வந்தபின் முதல்முறையாகப் போகும் பிள்ளைக்கு அந்த நாற்காலி எப்போதும் பயத்தின் நாற்காலியாகவே இருக்கும்.

பதினெட்டு மாதம் முதல் ஆறு வயதுவரை, புளோரைட் குறைந்த சிறுவர் பற்பசை, ஒரு பட்டாணி அளவு. ஆறு வயதுக்குப் பின் பெரியவர்களின் சாதாரண புளோரைட் பற்பசை. காலையும் இரவும், ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். முடிந்ததும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் ஒட்டியிருக்கும் சிறிதளவு புளோரைட் தொடர்ந்து வேலை செய்யும். நம்மில் பெரும்பாலோர் வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்துப் பழகியவர்கள். இதை நாமும் மாற்ற வேண்டும்.

ஏறக்குறைய எட்டு வயதுவரை பெரியவர் ஒருவர் கை கொடுத்தே ஆக வேண்டும். சிறு கைகளால் கடைவாய்ப் பற்களைச் சரியாகத் துலக்க முடியாது. மாதம் ஒருமுறை மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரமாகச் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சூத்தையின் தொடக்கமாக இருக்கலாம். அந்த நிலையில் வைத்தியரிடம் போனால் பல்லைத் துளைக்காமலே திருப்பிவிட வாய்ப்பு உண்டு. கறுத்துக் குழி விழுந்தபின் அந்த வாய்ப்பு இல்லை.

குழாய்த் தண்ணீரைக் குறித்து ஒரு வார்த்தை

சபையில் சிலர் புளோரைட் என்றாலே தயங்குவதைக் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டின் தருமபுரிப் பக்கத்திலும் இலங்கையின் உலர் வலயத்திலும் நிலத்தடி நீரில் புளோரைட் மிகுதியாக இருப்பதால் பற்களில் கறை படிந்தவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இங்கே நிலைமை வேறு. அவுஸ்திரேலியாவில் முதன்முதலாக 1953இல் டாஸ்மேனியாவின் பீக்கன்ஸ்ஃபீல்ட் என்ற சிற்றூரின் குடிநீரில் புளோரைட் சேர்த்தார்கள். சிட்னியில் 1968இலும் மெல்பேர்ணில் 1977இலும் தொடங்கினார்கள். லீற்றருக்கு 0.6 முதல் 1.1 மில்லிகிராம் என்ற அளவுக்குள் அதைக் கண்காணித்து வைத்திருக்கிறார்கள். குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்கவைத்து ஆறவைத்த குழாய்த் தண்ணீரிலும் புளோரைட் அப்படியே இருக்கும். போத்தல் தண்ணீரையே வாங்கிக் குடிக்கும் வீடுகள்தான் இந்தப் பாதுகாப்பைப் பெரும்பாலும் இழக்கின்றன.

பணம் தடையாக இருக்க வேண்டாம்

பல் வைத்தியர் என்றதும் நமக்கு முதலில் வருவது செலவு பற்றிய பயம். ஆனால் 2014 முதல் மத்திய அரசின் சிறுவர் பல்நலத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மெடிகெயர் உள்ள, குடும்ப வரிச் சலுகை 'ஏ' பிரிவு அல்லது அதுபோன்ற அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பிறந்தது முதல் 17 வயதுவரை இது பொருந்தும். 2025 ஜனவரியில் தொடங்கிய காலத்துக்கு, இரண்டு ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்கு 1,132 டொலர்வரை கிடைத்தது. இத்தொகை காலத்துக்குக் காலம் உயர்த்தப்படுகிறது. பரிசோதனை, எக்ஸ்ரே, சுத்தம் செய்தல், சூத்தை அடைத்தல், கடைவாய்ப் பல்லின் பள்ளங்களுக்குக் காப்புப் பூச்சு, பல் எடுத்தல் ஆகியவை இதில் அடங்கும். கம்பி போடுவது அடங்காது. தகுதி உள்ள பிள்ளைகளில் பாதிக்கும் குறைவானவர்களே இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் வேதனை.

இதைத் தவிர, நியூ சவுத் வேல்ஸில் மெடிகெயர் உள்ள 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் அரசுப் பல் சிகிச்சை நிலையங்களில் இலவச சேவை உண்டு. விக்டோரியாவில் 12 வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பல் சேவைக்குத் தகுதி உள்ளவர்கள். அகதிகளுக்கும் புகலிடக் கோரிக்கையாளர்களுக்கும் அங்கே முன்னுரிமை கொடுக்கிறார்கள். 2019இல் தொடங்கிய 'ஸ்மைல் ஸ்குவாட்' திட்டம் விக்டோரியாவின் அரசுப் பாடசாலைகளுக்கே பல் வைத்தியரை அனுப்புகிறது. பெற்றோர் சம்மதப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது பல வீடுகளில் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும், ஒருமுறை பாருங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வாலிபர்களே, உங்களுக்கு

இங்கே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மைகவ் கணக்கைத் திறந்து, உங்கள் தம்பி தங்கைக்குச் சிறுவர் பல்நலத் திட்டத்தில் எவ்வளவு தொகை இருக்கிறது என்று பார்க்க அம்மாவுக்கு உதவுங்கள். ஐந்து நிமிட வேலைதான். சபைக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்கும் அதைச் செய்து கொடுங்கள். பல் சிகிச்சை நிலையத்தை அழைக்கும்போது, இந்தத் திட்டத்தின்கீழ் பல்க் பில் செய்வார்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

இன்னொன்று. சின்னவர்கள் அம்மா சொல்வதைவிட அண்ணா, அக்கா செய்வதைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் நள்ளிரவுவரை சக்திப் பானத்தை உறிஞ்சிவிட்டு அப்படியே படுத்தால், உங்கள் தங்கைக்கு நாங்கள் எவ்வளவு சொல்லியும் பயன் இல்லை. இன்றிரவு இரண்டு பேரும் ஒன்றாக நின்று கண்ணாடிக்கு முன் பல் துலக்குங்கள்.

உடல் தேவன் குடியிருக்கும் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை வாலிபர் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். புகைப்பதற்கும் குடிப்பதற்கும் எதிராகவே அதை எடுத்துக்கொள்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளையின் வாயும் அந்த ஆலயத்தின் ஒரு பகுதிதான்.

என் வகுப்பில் இப்போது லொலிப் பெட்டி இல்லை. வசனம் சொன்னவர்களுக்கு ஒட்டுப்படமோ வண்ணப் பென்சிலோ கொடுக்கிறேன். முதல் வாரம் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள். கிறிஸ்மஸ் கரோலுக்கு வீடு வீடாகப் போகும்போது கேக்கும் பலகாரமும் இருக்கத்தான் செய்யும். அந்த மகிழ்ச்சியைப் பறிக்க எனக்கு விருப்பம் இல்லை. அன்றிரவு, எவ்வளவு பிந்தி வந்தாலும், ஜெபத்துக்கு முன் இரண்டு நிமிடம் பல் துலக்கிவிட்டால் போதும்.

அந்தச் சிறுவன் இன்னும் முதலில்தான் கை தூக்குகிறான். சென்ற வாரம் வாயைத் திறந்து, பின்னால் புதிதாக எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பல்லை எனக்குக் காட்டினான். "இது விழாத பல்லாம், ரீச்சர். நான்தான் பாக்கோணுமாம்."