சுடாத துப்பாக்கிக்கு 8 கோடி ரூபாய்!

குழந்தைகளே! கார்த்திகை தீபத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலை வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால், வீதியோரப் பொம்மைக் கடைகளைப் பார்க்காமல் போயிருக்க மாட்டீர்கள். பலூன், ஊதல், சொப்புச் சாமான்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி இருக்கும். விசையை அழுத்தினால் சிவப்பு விளக்கு மின்னி, 'டிர்ர்ர்' என்று அலறும்.

போலீஸ்காரர் வைத்திருக்கும் துப்பாக்கி இப்படி மின்னுமா? மின்னாது. அப்படியானால் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? விண்வெளிக் கதைகளில் இருந்துதான். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டிலேயே, 'பக் ராஜர்ஸ்' என்ற விண்வெளிக் கதாநாயகனின் பெயரில் பொம்மைத் துப்பாக்கி செய்து விற்றார்கள்.

இன்று இப்படிப்பட்ட விண்வெளிப் படத் துப்பாக்கிகளைப் போலவே செய்து சேகரிக்கும் பெரியவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். தபால்தலை, நாணயம் சேர்ப்பதுபோல இதுவும் ஒரு பொழுதுபோக்கு. 'பெரியவர்களுக்குப் பொம்மை விளையாட்டா?' என்று சிரிக்காதீர்கள். அதில் நாம் கற்றுக்கொள்ளவும் விஷயம் இருக்கிறது.

பழைய சாமானில் பிறந்த ஆயுதம்

1977-இல் வெளியாகி உலகையே கலக்கிய படம் 'ஸ்டார் வார்ஸ்'. லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் அதன் படப்பிடிப்பு நடந்தது. 'இதுவரை யாரும் பார்க்காத ஆயுதங்கள் வேண்டும். ஆனால் கையில் பணம் குறைவு.' இதுதான் அரங்கப் பொருள்களைத் தயாரித்த ரோஜர் கிறிஸ்டியனுக்கு வந்த சோதனை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மவுசர் என்ற பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கியை வாடகைக்கு எடுத்தார். அதன் தலையில் குறி பார்க்கும் தொலைநோக்கியை மாட்டினார். முனையில் வேறொரு துப்பாக்கியின் பாகத்தைச் செருகினார். கதாநாயகர்களில் ஒருவரான ஹான் சோலோவின் துப்பாக்கி தயார்!

ஒளிவாள் கதை இன்னும் வேடிக்கை. அந்தக் காலத்து கேமராக்களில் ஃபிளாஷ் விளக்கைப் பிடிக்க நீளமான கைப்பிடி இருக்கும். புகைப்படக் கடையில் கிடந்த அந்தக் கைப்பிடியில் கறுப்புப் பட்டைகளை ஒட்டினார்; பழைய கால்குலேட்டரின் சிறு துண்டு ஒன்றைப் பதித்தார். அதுதான் ஒளிவாளின் பிடி! இந்தப் படத்தின் கலை அமைப்புக்காக அவருக்கும் அவருடைய குழுவினருக்கும் ஆஸ்கர் விருது கிடைத்தது.

'டியூங்' என்ற சத்தமும் அப்படித்தான். வானொலிக் கோபுரத்தை இழுத்துக் கட்டியிருந்த எஃகுக் கம்பியைத் தட்டி, அந்த ஓசையைப் பதிவு செய்தார் பென் பர்ட் என்ற ஒலிக் கலைஞர். ஒரு எச்சரிக்கை! இதைப் படித்துவிட்டு மின்கம்பத்தின் ஸ்டே கம்பியைத் தட்டப் போகாதீர்கள். கசிவு இருந்தால் உயிருக்கே ஆபத்து.

ஹான் சோலோவின் அந்தத் துப்பாக்கிகளில் ஒன்று 2022-இல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. விலை 10,57,500 டாலர். அன்றைய மதிப்பில் 8 கோடி ரூபாய்க்கும் மேல்!

கண்ணே கருவி

அத்தனை பணம் யாரிடம் இருக்கிறது? அதனால்தான் சேகரிப்பாளர்கள் தாங்களே மாதிரி செய்கிறார்கள். படத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு காட்சியாக நிறுத்தி, திருகாணி எத்தனை, பிடியின் வளைவு எப்படி, இந்தத் துண்டு எந்தப் பழைய சாமானின் பாகம் என்று ஆராய்கிறார்கள்.

1982-இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தின் துப்பாக்கியைப் படத்தில் பார்த்துப் பார்த்தே பலர் செய்துவந்தார்கள். 2006-இல் அசல் துப்பாக்கி பார்வைக்கு வைக்கப்பட்டபோது, தங்கள் மாதிரியில் இருந்த பிசகுகளைத் திருத்திக்கொண்டார்கள். பார்ப்பது, குறித்துக்கொள்வது, ஒப்பிடுவது, திருத்துவது! அறிவியல் வகுப்பில் நாம் செய்வதும் இதைத்தானே?

நம் ஊரிலும் இந்தக் கலை உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் புரிசை என்ற கிராமம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. கூத்தில் ராஜா வேடம் கட்டுபவரின் கிரீடத்தையும் தோள் அணியையும் பாருங்கள். பொன்னும் வைரமும் போல் ஜொலிக்கும். எல்லாம் லேசான மரத்தில் செதுக்கி, வண்ணம் தீட்டி, கண்ணாடித் துண்டு பதித்தவை! விடிய விடிய ஆடுபவர் கனத்தைச் சுமக்க முடியுமா? பார்வைக்குக் கனம், தலைக்கு லேசு. அதுதான் செய்தவரின் சாமர்த்தியம்.

பொம்மை பொம்மையாகவே இருக்கட்டும்

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள். மேடையிலும் திரையிலும் பொய் ஆயுதம் நிஜம்போல இருக்கலாம். தெருவில் அப்படி இருக்கக் கூடாது.

2014-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்தான். அந்த நாட்டில் பொம்மைத் துப்பாக்கியின் முனை பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும் என்று 1989 முதல் விதி உண்டு. அவன் கையில் இருந்ததில் அந்த ஆரஞ்சு முனை இல்லை. நிஜத் துப்பாக்கி என்று நினைத்த போலீஸ்காரர் சுட்டுவிட்டார். அந்தச் சிறுவன் இறந்துபோனான்.

ஒரு சிறு ஆரஞ்சு வளையம் எவ்வளவு பெரிய விஷயம் பார்த்தீர்களா? விமானத்தில் கைப்பையில் பொம்மைத் துப்பாக்கி கொண்டுபோக நம் நாட்டிலும் அனுமதி இல்லை. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது விளையாட்டுச் சாமான் என்று எப்படித் தெரியும்?

நீங்களும் செய்யலாம்

இந்த விடுமுறையில் நீங்களே ஒரு விண்வெளிக் கருவி செய்யுங்களேன்! எரியாத டார்ச் லைட், பேனா மூடி, பற்பசை மூடி, காலி நூல்கண்டு, அட்டைக் குழாய் போதும். கத்தரிக்கும் வேலைக்குப் பெரியவர்களைத் துணைக்கு அழையுங்கள். பச்சை, மஞ்சள், ஊதா என்று கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசுங்கள். கறுப்பு மட்டும் வேண்டாம். முனையில் ஆரஞ்சுத் தாளை மறக்காமல் ஒட்டுங்கள். விளையாட்டுக்குக்கூட யார் முகத்துக்கு நேராகவும் நீட்டாதீர்கள்.

துப்பாக்கிதான் செய்ய வேண்டும் என்பதில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் கருவி, வேற்றுக்கிரகவாசியோடு பேசும் கருவி என்று எதுவானாலும் சரி. எந்தப் பாகம் எந்தச் சாமானில் இருந்து வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, படமும் வரைந்து வையுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் சேகரிப்பின் முதல் பொருள்.

பழைய சாமான்காரருக்குப் போடும் முன், வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவிடுங்கள், குழந்தைகளே!