நிலத்தை விற்காமல் மேற்படிப்பு
சுற்றுச்சூழல் மாணவர்களுக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைகள்

பட்டப்படிப்பை முடித்த மகனோ மகளோ "மேலே படிக்க வேண்டும்" என்று சொன்னால், சிறு விவசாயியின் வீட்டில் முதலில் எழும் கேள்வி பணத்தைப் பற்றியதுதான். கழுத்தில் கிடப்பதை அடகு வைப்பதா, இருக்கிற இரண்டு ஏக்கரில் ஒன்றை ஒத்திக்கு விடுவதா என்று பேச்சு எழும். இரண்டும் முடியாது என்றால் படிப்பு அத்தோடு நின்றுவிடும்.

ஆனால் முதுகலைப் படிப்புக்கு மேல் ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு அரசே மாதந்தோறும் பணம் தருகிறது. அது கடனன்று, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. முன்பு இதனை உபகாரச் சம்பளம் என்பார்கள். இப்போது ஆராய்ச்சி உதவித்தொகை என்கிறோம். சுற்றுச்சூழல் அறிவியல் பயிலும் மாணவர்களுக்கு உள்ள வாய்ப்புகளைப் பற்றி விவசாயப் பெருமக்கள் தெரிந்து வைத்திருப்பது நலம்.

படிப்புக்கும் வயலுக்கும் என்ன தொடர்பு?

"சுற்றுச்சூழல் படித்தால் என்ன வேலை?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. நீர், மண், காற்று ஆகியவை எப்படிக் கெடுகின்றன, கெட்டதை எப்படி அளப்பது, எப்படிச் சீர் செய்வது என்பதே இப்படிப்பு.

பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் கிணறுகள் கெட்டன என்று விவசாயிகள் பல காலம் முறையிட்டு வந்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1996-ல் வந்த தீர்ப்பில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போய்விட்டது என்பதே அந்தக் கணக்கு. "தண்ணீர் உப்புக் கரிக்கிறது" என்று விவசாயி சொல்வது உண்மைதான் என்றாலும், நீதிமன்றத்தில் அதற்கு அளவும் ஆதாரமும் வேண்டியிருந்தது.

நொய்யலின் கதையும் இத்தகையதே. பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, அந்த நீர் பயிருக்கு ஆகாமல் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் மண்ணையும் நீரையும் ஆய்ந்து சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் வயலும் வரப்பும் தெரிந்த வீட்டிலிருந்து வந்தால் இன்னும் நல்லது.

இரு வகை உதவி

உதவிப் பணம் இரண்டு வகைப்படும். முதல் வகை, குடும்பத்தின் வருமானத்தையும் சாதியையும் பார்த்துத் தரப்படும் கல்வி உதவித்தொகை. இது கல்லூரிப் படிப்புக்கும் முதுகலைக்கும் கிடைக்கும், தொகை சிறியது. இரண்டாவது வகை, தேர்வில் வென்றவருக்குத் தரப்படும் ஆராய்ச்சி உதவித்தொகை. இதற்கு வருமான வரம்பு பொதுவாகக் கிடையாது; தொகையும் பெரியது. இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு, "நமக்கு நிலம் இருக்கிறது, கிடைக்காது" என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. அது சரியல்ல.

நெட் தேர்வும் மாதம் 37,000 ரூபாயும்

இரண்டாவது வகையில் முதன்மையானது பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. மாணவர்கள் இதனை ஜே.ஆர்.எஃப். என்பார்கள். இதைப் பெற 'நெட்' எனப்படும் தேசியத் தகுதித் தேர்வை எழுத வேண்டும். தேசியத் தேர்வு முகமை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் தேர்வு என்றும் டிசம்பர் தேர்வு என்றும் இதை நடத்துகிறது. சுற்றுச்சூழல் அறிவியல் இதில் ஒரு தனிப் பாடம்.

2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்த விகிதம் வருமாறு: முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் பணி திருப்தியாக இருந்தால் மாதம் 42,000 ரூபாய். மொத்தம் ஐந்து ஆண்டுகள் வரை கிடைக்கும். கணக்குப் போட்டால் முதல் இரண்டு ஆண்டுக்கு 8,88,000 ரூபாய், அடுத்த மூன்று ஆண்டுக்கு 15,12,000 ரூபாய், ஆக 24 லட்சம் ரூபாய். விடுதி கிடைக்காதவருக்கு வீட்டு வாடகைப்படி தனி. புத்தகம், ரசாயனம், களப்பயணம் போன்ற செலவுகளுக்கு அறிவியல் மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 12,000 ரூபாயும் பின்னர் 25,000 ரூபாயும் உண்டு.

யார் எழுதலாம்?

முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், கிரீமிலேயரில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு 50 சதவீதம் போதும். முதுகலை இறுதியாண்டில் இருப்பவரும் எழுதலாம். நான்காண்டுப் பட்டப்படிப்பில் 75 சதவீதம் பெற்றவர்களுக்கும் 2024 முதல் வாய்ப்புத் தரப்பட்டுள்ளது.

உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. மேற்சொன்ன பிரிவினருக்கும் பெண்கள் அனைவருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. ஆகவே, "வயதாகிவிட்டது" என்று பெண்ணின் படிப்பை நிறுத்துமுன் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். 35 வயது வரை அவளுக்கு வாய்ப்பிருக்கிறது.

தேர்வு மூன்று மணி நேரம். முதல் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 கேள்விகள், 200 மதிப்பெண். விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எந்தக் கேள்வியையும் விடாமல் குறிப்பது நல்லது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதனால் தயங்குகிறார்கள். பாடத்தின் கலைச்சொற்களை ஓராண்டு முன்பிருந்தே ஆங்கிலத்திலும் பழகிக்கொண்டால் இத்தடையைத் தாண்டலாம். பாடத்திட்டமும் பழைய கேள்வித்தாள்களும் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

போட்டி கடுமையானது. இரு தாள்களையும் எழுதி, குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் பெற்றவர்களில், தேர்வு எழுதியோர் எண்ணிக்கையில் நூற்றுக்கு ஆறு பேரே உதவிப் பேராசிரியர் தகுதி பெறுகிறார்கள். உதவித்தொகை பெறுவோர் அதனினும் குறைவு. முதல் முறையிலேயே கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது.

மற்ற வழிகள்

பொறியியல் வழியில் செல்வோருக்கு 'கேட்' தேர்வு இருக்கிறது. 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல் இதில் தனித்தாளாக உள்ளது. கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேரும் மாணவருக்கு, அனுமதி பெற்ற கல்வி நிலையங்களில் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

தாழ்த்தப்பட்டோருக்கும் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் மத்திய அரசின் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகைகள் தனியே உள்ளன. பழங்குடி மாணவருக்கு ஆண்டுக்கு 750 இடங்கள். ஒரே பிள்ளையாகப் பிறந்த பெண்களுக்குச் சாவித்திரிபாய் புலே பெயரில் மானியக் குழு ஓர் உதவித்தொகை வழங்குகிறது. ஆதி திராவிடர், பழங்குடி மாணவர்கள் மாவட்ட நல அலுவலகத்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் கிடைக்காவிட்டால், பேராசிரியர்கள் நடத்தும் ஆராய்ச்சித் திட்டங்களில் திட்டப் பணியாளராகச் சேரலாம். கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் ஆகியவையும், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமும், புதுவைப் பல்கலைக்கழகமும் இத்துறையில் ஆராய்ச்சி நடைபெறும் இடங்கள்.

சான்றிதழே முதல் விதை

தகுதி இருந்தும் சான்றிதழால் வாய்ப்பை இழப்பவர்கள் பலர். இங்கே விவசாயிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று தரப்படும் சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் போதாது. மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியே வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓ.பி.சி. சான்றிதழில் கிரீமிலேயர் வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இந்தக் கணக்கில் விவசாய நிலத்திலிருந்து வரும் வருமானம் சேராது. நிலத்தைப் பொறுத்தவரை, உச்சவரம்பில் 85 சதவீதத்துக்கு மேல் நன்செய் பாசன நிலம் வைத்திருப்பவரே விலக்கப்படுவர். சிறு விவசாயி எவரும் அந்த அளவை எட்டுவதில்லை. "பட்டா உங்கள் பேரில் இருக்கிறது, சான்றிதழ் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இச்சான்றிதழை அந்தந்த நிதியாண்டில் வாங்கியதாகவே பெரும்பாலும் கேட்கிறார்கள். எனவே ஏப்ரல் மாதம் பிறந்ததும் இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்துவிடுவது உத்தமம். சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், வங்கிக் கணக்கு நான்கிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் பிற்பாடு அலைச்சல்தான்.

பணம் எப்போது கைக்கு வரும்?

தேர்வில் வென்ற மறுமாதமே பணம் வந்துவிடாது. ஒரு பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. ஆராய்ச்சியாளராகச் சேர்ந்து, பதிவு முடிந்து, கல்வி நிலையம் உறுதி செய்த பிறகே மாணவரின் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படும். சில வேளைகளில் பல மாதப் பணம் நிலுவையாகிச் சேர்ந்து வருவதும் உண்டு. ஆகவே முதல் ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் கையிருப்பு வைத்துக்கொள்வது அவசியம். உதவித்தொகை பெறும்போது வேறு முழுநேர வேலை பார்க்க அனுமதியில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதுகலை படிக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஜே.ஆர்.எஃப். கிடையாது. அந்தச் செலவை அரசுக் கல்லூரியில் அல்லது பல்கலைக்கழகத் துறையில் இடம் பிடிப்பதன் மூலமும், வருமான வரம்புக்கு உட்பட்ட கல்வி உதவித்தொகை மூலமும் குறைக்கலாம். ஐந்து ஆண்டு முடிந்ததும் வேலை உறுதி என்று எவரும் எழுதித் தருவதில்லை. எனவே எத்தனை முறை தேர்வு எழுதுவது, அதுவரை குடும்பத்துக்கு என்ன ஒத்தாசை என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முதலிலேயே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

ஏமாற வேண்டாம்

உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் தரக்கூடாது. தேர்வுக் கட்டணம் மட்டுமே உண்டு. 2024 ஜூன் நெட் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 1,150 ரூபாய், ஓ.பி.சி.க்கு 600 ரூபாய், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 325 ரூபாய் வாங்கினார்கள். அதையும் தேர்வு முகமையின் இணையதளத்தில் நேரே செலுத்த வேண்டும். கட்டணமும் விதிகளும் தேர்வுக்குத் தேர்வு மாறக்கூடும் என்பதால் அந்தந்த அறிவிப்பை முழுதும் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டிலேயே முதுகலைக்கான அரசு இடங்களை விசாரித்து வைத்துக்கொள்ளவும்.
2. ஏப்ரலில் ஓ.பி.சி. சான்றிதழுக்கு மனுச் செய்யவும்.
3. முதுகலை முதலாண்டிலேயே நெட் பாடத்திட்டத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கவும்.
4. இறுதியாண்டில் முதல் தேர்வை எழுதிப் பார்க்கவும்.
5. ஆராய்ச்சிக்குச் சேருமுன், வழிகாட்டும் பேராசிரியரிடம் படித்து முடித்த மாணவர்கள் இரண்டொருவரிடம் பேசிப் பார்க்கவும்.

வீட்டில் படிக்கிற பிள்ளை இல்லாத விவசாயிகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மண் மாதிரிக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் மாணவர்கள் ஊருக்குள் வந்தால், சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பாமல் எடுத்துக்கொடுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், யார் பேராசிரியர் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆய்வு முடிந்ததும் உங்கள் கிணற்றின் முடிவை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாளை அந்தத் தண்ணீருக்கு ஒரு கேடு வந்தால், பழைய அளவு இன்னதென்று காட்ட அந்தக் காகிதம் உதவும்.